ஏழாவது பிடி

மாசிலாமணி தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதில் ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். ஞானம் வந்ததோ இல்லையோ, அதிகாரம் கூடவே வந்துவிட்டது. மடத்து மாடுகளைக்கூட வரிசையில் நிறுத்திவிடுவார் மனிதர்.

மடத்தின் தலைவர் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் மாசிலாமணிக்குக் குரு. அந்தக் குருவுக்குக் குரு, பெரிய சாமி. எண்பத்து நாலு வயது. நினைவு போய்விட்டது. சாப்பிட்டது தெரியாது, எதிரே நிற்பது யாரென்று தெரியாது. நினைவு போனதிலிருந்து, விடிந்ததும் திருவோட்டை எடுத்துக்கொண்டு பிச்சைக்குப் புறப்பட்டுவிடுவார்.

மாசிலாமணிக்கு மானம் போயிற்று.

"களஞ்சியம் நிறைய நெல்லு கிடக்கு. பெரிய சாமி பிச்சை எடுக்கிறதா? அசிங்கம்!"

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "யாரும் ஒரு பருக்கை போடக் கூடாது. கும்பிட்டுத் திருப்பி அனுப்பிடுங்க."

மறுநாள் பெரிய சாமி திரும்பி வரவில்லை. உச்சி வெயிலில், ஐந்து மைல் தள்ளி, ஏரிக்கரையில் கண்டுபிடித்தார்கள். உதடு வெடித்திருந்தது. காலில் கொப்புளம் போட்டிருந்தது. இன்னும் நாலடி வைத்திருந்தால் மதகில் விழுந்திருப்பார். கையில் காலி ஓடு.

மாசிலாமணி குருவிடம் ஓடினார்.

"வாசலைப் பூட்டிடுவோம் சாமி. வேற எப்படி இவரைக் காப்பாத்துறது?"

சாயங்காலம் குரு தெருவில் இறங்கி, ஏழு வீட்டில் ஏதோ பேசிவிட்டு வந்தார். விடிந்ததும் இரண்டு திருவோடு எடுத்தார். ஒன்றை மாசிலாமணியிடம் நீட்டினார்.

"வாங்க."

"நானா? பிச்சைக்கா? சாமி, நான் தாசில்தாரா இருந்தவன்..."

"தாசில்தார் இருக்கட்டும். நீங்க வாங்க."

பெரிய சாமி முன்னால் போனார். பத்தடி பின்னால் இவர்கள். முதல் வீட்டில் தங்கப்பழம் என்கிற அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். ஒரு பிடி சோறு போட்டுவிட்டு, "முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு!" என்று எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். அடுத்த வீட்டில் ஒரு பிடி. அதற்கடுத்த வீட்டில் ஒரு பிடி.

ஏழாவது பிடி விழுந்தது. பெரிய சாமி திருவோட்டைத் துண்டால் மூடினார். அவராகவே திரும்பினார். மடத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார், ஒரு சந்துகூடத் தவறவில்லை.

மாசிலாமணி வாயைப் பிளந்தார்.

"நிலபுலன் வர்றதுக்கு முன்னாடி மடத்துல இதுதான் சட்டம்," என்றார் குரு. "ஏழு வீடு, ஏழு பிடி. கிடைச்சதும் திரும்பிடணும். முந்தாநாள் வரைக்கும் திரும்பி வந்தாரா, இல்லையா?"

மாசிலாமணி நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"நேத்து யாரும் போடலை."

"போடலை."

"ஏழு பிடி தேடித்தான் ஏரிக்கரை வரைக்கும்... அப்போ அவரை அவ்வளவு தூரம் நடக்க வச்சது நான்தானா?"

"ஆமா."

ஆறுதலாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை குரு. மாசிலாமணி அழுதார்.

"நாளைக்கு ஏழு பிடியையும் மறந்துட்டாருன்னா, சாமி?"

"அதுக்குத்தான் பின்னால ஆள் வேணும்."

அதற்கப்புறம் ஒரு நாள் தவறவில்லை. மூன்று பேரும் போனார்கள். வெளியூர்க்காரர் யாராவது, "யாருங்க அந்தப் பிச்சைக்காரர்?" என்று கேட்டால் மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்துவார்.

"எங்க பெரிய சாமி. நான் அவர் பின்னால வர்றவன்."

தாசில்தார் என்று சொல்லிக்கொண்ட காலத்தில்கூட அந்தக் குரலில் அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் நல்ல மழை. மாசிலாமணி குடையோடு வந்தார்.

"நீங்க இருங்க சாமி. மடத்துத் தலைவர் மழையில நனைஞ்சுகிட்டு தெருத்தெருவா ஓடு ஏந்தணுமா? நான் அவரைப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுறேன்."

குரு ஏற்கெனவே படியிறங்கியிருந்தார்.

"இவர் பின்னால ஓடு ஏந்தி நடக்கணும்னுதான் இருபது வயசுல வீட்டை விட்டு வந்தேன். நான் வந்தப்போ மடத்துக்கு நிலம் வந்துடுச்சு, பிச்சை நின்னுபோச்சு. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் அந்த இடம் கிடைச்சிருக்கு. உங்களுக்கு விட்டுக் கொடுப்பேனா?"