ரோசலியின் தலையில் எத்தனை கொம்பு

கரீபியன் கடலில் ஒரு தீவு. நடுவில் எரிமலை, சுற்றிக் கரும்பு, கரையோரம் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் படம் வரையாத ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கசாப்புக்கடைக்காரர்கூட ஞாயிறானால் கத்தியை வைத்துவிட்டு மலையை வரைவார்.

மூட்டுசாமி அங்கே பஸ் ஓட்டுகிறவர். கொள்ளுத்தாத்தா முத்துசாமியாகக் கப்பலேறி, பதிவேடு எழுதியவனின் கைவண்ணத்தில் மூட்டுசாமியாகக் கரையிறங்கினார். பேரும் அப்படியே தங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் இவருக்கு ஓவிய ஆசை பிடித்துக்கொண்டது. பதினைந்து வயது இளையவளான ஓவிய ஆசிரியை செலஸ்தீனிடம் வெட்கப்படாமல் சீடராகச் சேர்ந்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊர்மன்றத்தில் கண்காட்சி. செலஸ்தீன் தலையசைத்த படம்தான் சுவரேறும். மூட்டுசாமியின் படம் இரண்டு வருஷமாக வீட்டுக்கே திரும்பி வந்தது. இந்த வருஷமும் வந்தால் பிரஷ்ஷை அடுப்பில் போடுவதென்று முடிவு கட்டியிருந்தார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் படத்தைக் கொண்டுபோனார். பின்னால் மலை, முன்னால் சந்தை, நடுவில் மீன்கடை ரோசலி. தலையில், முனைகள் கொம்புபோல நிமிர்ந்து நிற்கக் கட்டிய கட்டம் போட்ட துணி. அந்தத் துணி நம் பக்கத்திலிருந்து போனது. அங்கே இன்றைக்கும் அதற்கு மத்ராஸ் என்றுதான் பேர்.

"வாத்தியாரம்மா, இதுல என்ன குறை?"

செலஸ்தீன் பார்த்தாள். "துணியில மூணு கொம்பு வச்சிருக்கீங்க."

"படம் போட்ட தபால் அட்டையில அப்படித்தான் இருந்தது. எடுப்பாவும் இருக்கு."

"சரி. சந்தைக்குத் தூக்கிட்டுப் போய் ரோசலிகிட்ட காட்டுங்க. இது நான்தான்னு அவ சொன்னா மாட்டிடலாம்."

மூட்டுசாமிக்கு மனைவி போய் ஆறு வருஷம். ரோசலியிடம் மனம் போய் மூன்று வருஷம். தினமும் அவளிடம் கிளிமீன் வாங்குவார். அவர் மீன் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனைதான் பெருத்துப்போய் மதில் ஏற முடியாமல் கிடந்தது. ஒருநாளாவது அவளை நிமிர்ந்து பார்த்துப் பேசியிருப்பாரா என்றால், அதுதான் இல்லை.

சந்தையில் படத்தைக் கண்டதும் சிரிப்பு கிளம்பியது. அந்த ஊரில் தலைத்துணியின் கொம்புக்கு அர்த்தம் உண்டு. ஒன்று என்றால் மனசு காலி. இரண்டு என்றால் மனசு ஒருத்தர்மேல் போயாச்சு. மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது.

"ரோசலி, கல்யாணத்தை முடிச்சிட்டு ஒரு வாய்ச் சோறு போடாம விட்டுட்டியே," என்றாள் கீரைக்காரி.

ரோசலி படத்தை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கே தெரியாம எனக்கு மூணு கொம்பு முளைச்சிருக்கா? மாப்பிள்ளை யாருன்னாவது சொல்லுங்க, மூட்டுசாமி."

அவர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினார்.

"மானம் போச்சு, வாத்தியாரம்மா."

"அவ எத்தனை கொம்பு கட்டுறா?"

மூட்டுசாமி விழித்தார். "தெரியலை. நான் மீனைத்தான் பார்ப்பேன்."

"அப்போ நாளையிலிருந்து மீனை விடுங்க."

மறுநாள் காலை மீன்கடைக்கு எதிரே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்தார். பார்த்தார்.

ஒரு கொம்பு. அதுவும் இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்தது. கூடையைத் தலையில் வைத்து வைத்து அப்படி ஆகியிருந்தது. விலை சொல்லுமுன் புருவம் தூக்குகிறாள். சிரிப்பு வந்தால் புறங்கையால் வாயை மூடுகிறாள். மூன்று வருஷமாக இதையெல்லாம் விட்டுவிட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"என்ன இப்படிப் பாக்குறீங்க?" என்றாள் ரோசலி.

"வாத்தியாரம்மா பாக்கச் சொன்னாங்க."

"எதுவரைக்கும்?"

"சரியா வர்ற வரைக்கும்."

ரோசலி மீனைத் திருப்பிப் போட்டாள். "அப்போ அவசரமில்ல. மெதுவா வரையுங்க."

நாலு காலை அங்கேயே உட்கார்ந்திருந்தார். மூட்டு இரண்டும் பிடித்துக்கொண்டது. பேருக்கேற்ற வலி என்று ரோசலி கேலி செய்தாள். பூனைக்கு நாலு நாள் பட்டினி.

ஐந்தாம் நாள் செலஸ்தீன் படத்தைப் பார்த்தாள். சாய்ந்த ஒற்றைக் கொம்பு, தூக்கிய புருவம், வாய்க்குப் போகும் கை. ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொடுத்தாள். மூட்டுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊர்மன்றத்தில் நல்ல கூட்டம். படத்தைப் பார்த்தவர்கள், "ரோசலியேதான்," என்றார்கள். மூட்டுசாமிக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போது ரோசலி உள்ளே வந்தாள். பளிச்சென்று புது மத்ராஸ் கட்டியிருந்தாள். கூட்டம் அவள் தலையைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, பிறகு எல்லோரும் மூட்டுசாமியைப் பார்த்தார்கள்.

அவர் எண்ணினார். ஒன்று. இரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினார். இரண்டுதான்.

விழுந்தடித்துக்கொண்டு செலஸ்தீனிடம் ஓடினார்.

"வாத்தியாரம்மா, படம் தப்பு. ஒரு கொம்பு குறையுது. அந்த மஞ்சள் பெயிண்டையும் பிரஷ்ஷையும் கொஞ்சம் குடுங்க. நாலு நாள் கண்கொட்டாமப் பார்த்துத்தானே வரைஞ்சேன், எப்படித் தப்பாச்சு?"

செலஸ்தீன் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"பார்த்துப் பார்த்து வரைஞ்சீங்களே, அதனாலதான்."