பின்னால் நிற்பவன்

தாணு ஆசான் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் விமானம் ஏறினார். தென்காசியில் பகலெல்லாம் ஹோமியோபதி மருந்துக்கடை, மாலையில் கடை மாடியில் சைவப் பாடம் என்று இருந்த மனிதரை மெல்போர்ன் தமிழர்கள் சிலர் நான்கு நாள் வகுப்புக்கு அழைத்திருந்தார்கள். உடன் போனவர் குற்றாலிங்கம். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆசானைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனாலும் பதினோரு வருடமாக அவரிடம் பாடம் கேட்பவர். துணைக்கு வருவதாகச் சொல்லித்தான் டிக்கெட் போட்டார். வந்த காரியம் வேறு.

அவருடைய ஒரே மகன் முகிலன் அந்த ஊரில்தான் இருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன் முகிலனுக்கு வேலை போனது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னான். "அன்னைக்கே சொன்னேன், கேட்டியா?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார் குற்றாலிங்கம். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டபோது, அங்கே ஒரு பெரிய சபையில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டதாகச் சொன்னான். எனக்குப் பிள்ளை இல்லை என்று போனை வைத்தார். அவர் மனைவி கோமதி மட்டும் அடுக்களையில் குக்கர் சத்தம் போடும் நேரமாகப் பார்த்து மகனோடு பேசிக்கொள்வாள்.

கோமதி கொடுத்துவிட்ட இட்லிப்பொடிப் பொட்டலம் மூன்று நாளாகக் குற்றாலிங்கத்தின் தோள்பையிலேயே கிடந்தது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வகுப்பு மாலையில்தான். காலையில் காப்பி குடிக்கும்போது குற்றாலிங்கம் ஆரம்பித்தார்.

"ஆசானே, அவன் சின்னப் பிள்ளையில இருந்தே உங்க பேச்சைக் கேப்பான். நீங்க ஒரு தடவை அந்த இடத்தைப் பாருங்க. எல்லாம் நாடகம்னு ஒரு சொல் சொல்லுங்க. கையோட அவனைக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"நாடகம் இல்லைன்னு சொல்லிட்டா?"

குற்றாலிங்கம் அதை யோசித்திருக்கவில்லை.

"அது எப்படி இல்லாமப் போகும்? நெத்தியில தொட்டா விழுதாங்களாம். வீடியோவுல பாத்தேன்."

ஆசான் தன் போனை எடுத்து நீட்டினார். முகிலன் அனுப்பிய செய்தி. 'ஞாயிறு பத்து மணிக்கு வாங்க மாமா. அப்பாவைக் கூட்டிட்டு வராதீங்க. சங்கடப்படுவாங்க.'

"வராதீங்கன்னு போட்டிருக்கான்," என்றார் குற்றாலிங்கம். குரல் இறங்கிவிட்டது.

"சங்கடப்படுவாங்கன்னும் போட்டிருக்கான். சட்டையை மாத்துங்க அண்ணாச்சி."

சபை நடந்த இடம் முன்பு நாற்காலி, கட்டில் விற்கும் குடோனாக இருந்ததாம். உள்ளே ரயில் நிலையம் போல விரிந்து கிடந்தது. ஆயிரம் இருக்கைகளுக்குக் குறையாது. தரை முழுக்கக் கம்பளம். வாசலில் ஒரு பெண் எல்லோருக்கும் பெயர் எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் தன் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே 'லிங்' என்று எழுதி ஒட்டினாள்.

"சீனாக்காரன் ஆக்கிட்டா!"

"பரவாயில்ல அண்ணாச்சி. விசா கேக்காமத்தான ஆக்கியிருக்கா."

ஆசான் நெற்றி நிறைய விபூதி. வேட்டி. யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அதுவே குற்றாலிங்கத்துக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பாட்டு தொடங்கியது. டிரம்ஸ் அடி நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. முன்வரிசையில் ஆப்பிரிக்கப் பெண்கள் சிலர் தலையை அண்ணாந்து குலவையிட்டார்கள். குற்றாலிங்கம் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஆசானே, இது நம்ம கோயில் கொடையில போடுத குலவைல்லா?"

"ஆமா. நல்லாப் போடுதாங்க."

பாட்டு அடங்கியதும் ஜெபம் வேண்டியவர்கள் முன்னால் வந்து வரிசையில் நின்றார்கள். போதகர் ஒரு சமோவா தீவுக்காரப் பெண்மணி. நரைத்த தலை, பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒவ்வொருவர் நெற்றியிலும் உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னார். சிலர் அழுதார்கள். பலர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார்கள். சாய்ந்தவர்களைப் பிடிக்கவென்றே கறுப்பு பனியன் போட்ட ஆட்கள் பின்னால் நின்றார்கள்.

அதில் ஒருவன் முகிலன்.

இளைத்திருந்தான். தாடி விட்டிருந்தான். நெஞ்சில் ஒட்டியிருந்த பெயரைக் குற்றாலிங்கம் கண்ணைச் சுருக்கிப் படித்தார். முகிலன் என்று முழுசாக இருந்தது. பெயரை மாற்றியிருப்பான் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

விழுகிறவரின் அக்குளில் கைகொடுத்து, தன் முழங்காலை மடக்கி, மெதுவாக இறக்குவான். தலை தரையைத் தொடுவதற்கு முன் உள்ளங்கை அடியில் போய்விடும். பெண்கள் என்றால் காலில் ஒரு நீலத் துணியைப் போர்த்துவான். பிறகு அடுத்தவருக்குப் பின்னால் ஓடுவான். சிலர் விழவில்லை. அவர்களுக்குப் பின்னாலும் அதே மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றான்.

ஒரு தடித்த ஆள் தேர் சாய்கிற மாதிரி சாய்ந்தான். முகிலன் இரண்டடி தள்ளாடினான்.

"எம்மா!" குற்றாலிங்கம் பாதி எழுந்துவிட்டார். பிறகு உட்கார்ந்துகொண்டு, எழுந்ததற்குக் காரணம் வேறு என்பது போலப் பேசினார். "பாத்தீங்களா ஆசானே? அந்தம்மா தள்ளுதா. லேசாத் தள்ளுதா!"

"அப்படியா?"

"நீங்க பாக்கலியா?"

"நான் அந்தப் பக்கம் பாக்கல."

சற்று நேரம் கழித்து ஆசான் எழுந்தார். "இங்க இருந்து சரியாத் தெரியல," என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டாமல், அவசரப்படாமல் நடந்து போய் வரிசையில் நின்றுகொண்டார்.

பதினோரு வருடப் பாடமும் வரிசையில் போய் நிற்பதைக் குற்றாலிங்கம் பார்த்தார்.

போதகர் ஆசான் முன்னால் வந்தார். விபூதியைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே அதன் மேலேயே உள்ளங்கையை வைத்தார். ஆசான் கண்ணை மூடினார். திரும்பிப் பார்க்கவில்லை. நின்றபடி பின்னால் சாய்ந்தார்.

முகிலன் பிடித்தான். பிடித்த பிறகுதான் யாரென்று கண்டான். இறக்கிக் கிடத்தியவன், மற்றவர்களுக்குச் செய்தது போல உடனே எழுந்து ஓடவில்லை. தலைக்கடியில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் மண்டியிட்டு இருந்தான். போதகர் அதே கையை அடுத்தவர் மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். பழுப்புத் தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் நெற்றியில் விபூதியோடு அழுதுகொண்டு நின்றார்.

ஆசான் திரும்பி வந்து உட்கார்ந்தார். முதுகில் கம்பளப் பஞ்சு ஒட்டியிருந்தது. குற்றாலிங்கம் அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. ஏதாவது வந்துச்சா?"

"தெரியல."

"தள்ளினாங்களா?"

"கை வச்சாங்க. வெதுவெதுன்னு இருந்துச்சு."

"பின்ன என்னத்துக்கு விழுந்தீங்க?"

"பின்னால முகிலன் நின்னான்."

"இது ஒரு பதிலா ஆசானே? மெய்யா, நாடகமா, அதைத்தான கேட்டேன். நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும். நான் அவன்கிட்ட என்னன்னு சொல்ல?"

ஆசான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில இருந்து எத்தனை பேரைப் பிடிச்சிருப்பான் அண்ணாச்சி?"

"நாப்பத்திமூணு," என்றார் குற்றாலிங்கம் யோசிக்காமல்.

ஆசான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். குற்றாலிங்கம் தோள்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"உங்களையும் சேத்து," என்றார்.

"என்னைப் பிடிச்சப்போ அவனுக்கு மூச்சு வாங்குச்சு."

"ஏன்? உடம்புக்கு என்ன அவனுக்கு?"

"அத்தனை பேரு பாரம்லா."

முன்னால் இன்னொருவர் சாய்ந்தார். முகிலன் பிடித்தான். நிமிரும்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

"படுத்துக் கிடக்கும்போதுதான் பாத்தேன் அண்ணாச்சி," என்றார் ஆசான். "அவன் பின்னால ஆள் இல்ல."

குற்றாலிங்கம் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பளத்தில் கிடந்தவர்களை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.

காலடி கேட்ட முகிலன் திரும்பாமலேயே ஆங்கிலத்தில் சொன்னான், வரிசை அந்தப் பக்கம் என்று.

"விழுததுக்கு வரலடே. நீ உன் வேலையப் பாரு."

முகிலனின் முதுகு அசையாமல் நின்றது. போதகர் அடுத்த நெற்றியில் கை வைத்துவிட்டார். அவன் கைகளை விரித்தான்.

அவனுக்கு ஒரு முழம் பின்னால் குற்றாலிங்கம் பையைக் கீழே வைத்துவிட்டு, தெரியாத வேலையைப் பார்த்துச் செய்கிறவர் போல, தன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.