கடைசியாக வந்தது யார்?

காட்டாற்றின் கரையில் ஒரு யானைக் கூட்டம் வாழ்ந்தது. ஆவுடை என்ற பெண் யானை அதற்குத் தலைவி. யானைக் கூட்டத்தில் எப்போதும் பெண்தான் தலைவி. தந்தம் முளைத்த ஆண்கள் தனியாகப் போய் மரங்களை முட்டிக்கொண்டு திரிவார்கள். அவர்கள் கதை நமக்கு வேண்டாம்.

ஆவுடைக்கு ஒரே மகள். பெயர் பவளி. தனக்குப் பிறகு அவள்தான் கூட்டத்தை நடத்த வேண்டும் என்று ஆவுடை நினைத்தாள். அதனால் மகளைப் படிக்க வைத்தாள்.

வாத்தியார் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், மயிலும் நரியும் ஆமையும் வந்து நின்றன. ஆமை மட்டும் மறுநாள் வந்தது.

காலையில் மயில் வாத்தியார் பாடம் எடுக்கும்.

"தலைவின்னா தலை நிமிர்ந்து நிக்கணும்! பார்வை தூரத்துல இருக்கணும்! மனசுக்குள்ள ஆயிரம் குழப்பம் இருக்கட்டும், குரல்ல அது தெரியவே கூடாது!"

மதியம் நரி வாத்தியார் வரும்.

"தூரத்துல என்னம்மா இருக்கு? தரையைப் பாரு! யாரு எந்தப் பக்கம் போனாங்கன்னு காலடித் தடம் சொல்லும். காட்டுப்பன்றி சும்மா ஒரு இடத்துக்குப் போகாது. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோ!"

சாயங்காலம் ஆமை வாத்தியார். அது வந்து சேருவதற்குள் பாதி நேரம் போய்விடும்.

"அவசரப்படாதே! முதல்ல நில்லு! கோடை வந்தா நான் எங்கே போய்ப் புதைஞ்சுக்குவேன் தெரியுமா? ஆறு வளையுற இடத்துல, தண்ணி வந்து மோதுற கரையோரமா. மேலே காஞ்சு கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்."

மூன்றும் நல்ல பாடங்கள்தான். பவளியும் கெட்டிக்காரி. எல்லாவற்றையும் மனப்பாடமாக ஒப்பித்தாள். ஆனால் தலை கிறுகிறுத்தது. நிமிர்ந்து பார்ப்பதா? குனிந்து பார்ப்பதா? பேசாமல் நிற்பதா?

"அம்மா, இதுல யார் சொல்றது சரி?"

"எல்லாத்தையும் படி" என்றாள் ஆவுடை.

இது போதாதென்று வீட்டிலும் ஒரு குழப்பம். கூட்டம் மேயக் கிளம்பும்போது ஆவுடை முன்னால் நடப்பாள். மற்றக் குட்டிகள் எல்லாம் அவரவர் அம்மாவை உரசிக்கொண்டு ஓடும். பவளிக்கு மட்டும் கடைசி இடம்.

"நீ சொக்கி பெரியம்மாவோட நட" என்பாள் ஆவுடை.

சொக்கி ஆவுடையின் அக்கா. சின்ன வயதில் பள்ளத்தில் விழுந்து ஒரு பின்னங்கால் மடங்கிப்போனது. அந்தக் காலை இழுத்து இழுத்து நடப்பாள். அவள் வால் நுனியில் ஒரு முடிகூட இல்லை. அந்த மொட்டை வாலையும் இழுபடும் காலையும் பார்த்துக்கொண்டுதான் பவளி வளர்ந்தாள்.

"தலைவியோட பொண்ணு வால்ல வர்றா!" என்று மற்றக் குட்டிகள் கேலி செய்தன.

சாயங்காலம் ஆனால் இன்னொரு கூத்து. பவளி முதல் வாய்ப் புல்லைப் பறிக்கும்போது ஆவுடை கேட்பாள்.

"இன்னிக்குக் கடைசியா வந்தது யாரு?"

"பெரியம்மாதான்."

"சாப்பிட்டாளா?"

"தெரியலையே."

"போய்ப் பாத்துட்டு வா."

பார்த்துவிட்டு வந்தால்தான் பவளிக்குப் புல். தினமும் இதே கேள்வி, தினமும் இதே பதில். இதில் என்ன பாடம் இருக்கிறது? பவளிக்குப் புரியவில்லை. வாத்தியார்களுக்கும் புரியவில்லை.

"உங்க அம்மாவுக்கு மறதி. அதான் கேட்டதையே கேக்குறாங்க" என்றது நரி.

பவளியும் அப்படித்தான் நம்பினாள்.

பவளி வளர்ந்து பெரியவளானாள். ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கோடையின் தொடக்கத்திலேயே ஆவுடை படுத்தாள், பிறகு எழவில்லை. கூட்டம் முழுவதும் சுற்றி நின்று அவளைத் துதிக்கையால் தடவிப் பார்த்தது. பவளி அழுதாள். அழுது முடிக்கும் முன்பே எல்லாரும் அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"இனிமே நீதான் தலைவி! ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லை. எந்தப் பக்கம் போகலாம், சொல்லு!"

எந்தப் பக்கம்? பவளிக்குத் தெரியவில்லை. ஆனாலும் காய்ந்த ஆற்று மணலில் இறங்கி முன்னால் போய் நின்றாள். யானைகள் வரிசையாகப் பின்னால் நின்றன. யானைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் ஒரு வால் தெரிந்தால் போதும், மற்றதைத் தலைவி பார்த்துக்கொள்வாள் என்று நடந்துகொண்டே இருப்பார்கள்.

முதலில் மயில் பாடம் நினைவுக்கு வந்தது. தலையை நிமிர்த்தினாள். தூரத்தில் மலை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். சரி, அங்கேதான்! நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் நரி பாடம் வந்தது. தலையைக் குனிந்தாள். காட்டுப்பன்றிகளின் தடம் ஆற்று வளைவுப் பக்கம் போனது. சரி, அங்கேதான்! திரும்பினாள்.

உடனே ஆமை பாடம் வந்தது. சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவள் அவள்மேல் மோதினாள். அவள்மேல் அடுத்தவள் மோதினாள்.

"என்ன ஆச்சு?"

"தலைவி யோசிக்கிறா!"

"யோசிக்கிறதுக்கு நம்ம மூக்கை ஏன் உடைக்கிறா?"

பவளிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடி நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள், மறுபடி திரும்பினாள். புழுதி கிளம்பிக் கண்ணை மறைத்தது. அந்தப் புழுதிக்குள் அவளுக்கு முன்னால் ஒரு வால் தெரிந்தது.

'அப்பாடா! யாரோ முன்னால் போகிறார்கள். வழி தெரிந்தவர்களாகத்தான் இருக்கும்!'

பவளி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடந்தாள். கூட்டமும் அவள் பின்னால் நிம்மதியாக நடந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் நம்ம தலைவி உறுதியா நடக்கிறா!" என்று பேசிக்கொண்டார்கள்.

கரைமேல் மூன்று வாத்தியார்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"இது என்ன நாட்டியம்? நான் சொல்லித் தரலையே!" என்றது மயில்.

"ஏதோ தந்திரம் போல இருக்கு. ஆனா எனக்கே புரியலை!" என்றது நரி.

"நல்ல வேகம்!" என்றது ஆமை.

கீழே யானைகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தலைவி கடைசி யானையின் பின்னால் போனாள். கடைசி யானை தலைவியின் பின்னால் வந்தது.

புழுதி கொஞ்சம் அடங்கியதும் பவளி அந்த வாலை உற்றுப் பார்த்தாள். நுனியில் முடி இல்லை. பின்னங்கால் ஒன்று இழுபட்டது. பெரியம்மா! கடைசியில் வரவேண்டிய பெரியம்மா எனக்கு முன்னால் எப்படி வந்தாள்? அப்படியானால் நான் முதலில் இருக்கிறேனா, கடைசியில் இருக்கிறேனா? பவளிக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சொக்கி முழங்கால் மடங்கி மணலில் உட்கார்ந்துவிட்டாள். வட்டம் அப்படியே நின்றது.

"பெரியம்மா, எந்திரிங்க!"

"முடியலைடி. ஏரி எவ்வளவு தூரம்?"

"மலைக்கு அந்தப் பக்கம்."

"அப்ப நான் வரலை. நீங்க போங்க."

"கிளம்பலாம் பவளி! ஒருத்திக்காக எல்லாரும் சாகணுமா?" என்றாள் ஒருத்தி.

"பெரியவளை விட்டுட்டுப் போறதா? வாய் கூசலையா உனக்கு?" என்றாள் இன்னொருத்தி.

இரண்டு பேரும் பவளியைப் பார்த்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள். பவளி பெரியம்மாவின் காலைப் பார்த்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஆவுடை தினமும் கேள்வி கேட்கும் நேரம் அது.

இன்றைக்குக் கடைசியாக வந்தது யார்? பெரியம்மா. சாப்பிட்டாளா? இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதற்குமேல் பவளி, எந்த வழி சரி என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியம்மாவால் எதுவரை வர முடியும் என்று கேட்டாள். மலைக்கு அப்பால் முடியாது. அப்படியானால் ஏரி வேண்டாம். பக்கத்தில்தான் தேட வேண்டும். பக்கத்தில் எங்கே? காட்டுப்பன்றிகள் எங்கே போயின? ஆற்று வளைவுக்கு. ஆமை எங்கே புதைந்துகொள்ளும்? அதுவும் ஆற்று வளைவில்தான். நரியும் ஆமையும் ஒரே இடத்தைத்தான் சொல்லியிருக்கின்றன!

தண்ணீர் இருக்குமா? அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் மயில் சொன்னபடி குரலைக் கணீரென்று வைத்துக்கொண்டாள்.

"யாரும் என் பின்னாடி வர வேண்டாம்! பெரியம்மா பின்னாடி வாங்க! ரெண்டு பேரு அவங்களுக்கு ரெண்டு பக்கமும் அணைச்சு நில்லுங்க. அதோ தெரியுதே வளைவு, அதுவரைக்கும்தான் நடை!"

இருபுறமும் தாங்கிப் பிடித்ததும் சொக்கி எழுந்தாள். தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூட்டத்தின் முன்னால் நடந்தாள். கூட்டம் அவள் வேகத்திலேயே வந்தது. யாரும் விழவில்லை, யாரும் மோதிக்கொள்ளவில்லை. பவளி கடைசியில் நடந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டாள்.

வளைவில், ஆறு ஓடும்போது தண்ணீர் மோதும் கரையோரம், பவளி முன்னங்காலால் மணலைத் தோண்டினாள். காய்ந்த மணல். இன்னும் தோண்டினாள். அதுவும் காய்ந்த மணல்.

"தண்ணி எங்கே?" என்று முணுமுணுத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம்!" என்றாள் பவளி. குரல் நடுங்கவில்லை. காலும் தோண்டுவதை விடவில்லை.

பிறகு மணல் கறுத்தது. ஈரம் பட்டது. குழியில் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. குட்டிகள் பாய்ந்தன.

"அவசரப்படாதீங்க! தெளியட்டும்!" என்று பவளி தடுத்தாள். கரைமேல் இருந்த ஆமை பெருமையாக ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

முதலில் சொக்கி குடித்தாள். பிறகு குட்டிகள். பிறகு மற்றவர்கள். யானைகள் ஒதுங்கியதும் வாத்தியார்களும் மெல்ல இறங்கி வந்து குடித்தன. தொண்டை நனைந்ததும் சண்டை தொடங்கியது.

"தடம் பார்த்துக் கண்டுபிடிச்சா! என் பாடம்!"

"இடத்தைச் சொன்னது நான்!"

"குரலைக் கவனிச்சீங்களா? அது என் பாடம்!"

"மூணு பேர் பாடமும்தான், வாத்தியார்களே" என்றாள் பவளி.

"அப்படின்னா ஏன் அவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி வந்தே?" என்று கேட்டது நரி.

பவளி கடைசியாகக் குழியில் துதிக்கையை விட்டுக் குடித்தாள். பிறகு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்த கரைக்கு ஏறிப் போனாள். பழக்க தோஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது.

"இன்னிக்குக் கடைசியா வந்தது யாரு?"

சொக்கி புல்லைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான்டி" என்றாள். "சாப்பிட்டியா?"

துதிக்கையில் சுருட்டிய புல்லை அவள் வாயருகே நீட்டினாள். பவளி அதை வாங்கிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. அம்மாவுக்கு மறதியே இருந்ததில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

கல்வி ஒரு தலைவருக்குப் பல வழிகளைக் காட்டும். யாரை மனத்தில் வைத்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை வளர்ப்புதான் கற்றுத் தரும்.