பிழையில்லாமல் சொன்ன கதை

இதை எனக்கு முதலில் சொன்னவர், என்னோடு பணியாற்றிய கணக்காசிரியை செல்லநேசம். இதில் வரும் புஷ்பலீலா அவருடைய தம்பி மனைவி.

"டீச்சர், உங்க கதைகள் எல்லாமே எனக்கு மனப்பாடம். பிறகு ஏன் ரெண்டு தடவையும் தோத்தேன்?"

செருப்பைக் கழற்றியபடியே ஹசீனாவிடம் கேட்டாள் புஷ்பலீலா. உள்ளே வந்து அமரும் பொறுமைகூட அவளுக்கு இல்லை.

மறுநாள் அவளுக்கு மூன்றாவது தேர்வு. எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார்; அவரிடம் செவிலியாக இருந்து ஆங்கிலத்தில் பேச வேண்டும். இம்முறையும் தவறினால், அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவளுக்கென வைத்திருந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். இங்கே அவள் வேலை பார்த்த மருத்துவமனையோ இழுத்து மூடப்படும் நிலையில் இருந்தது. சம்பளம் நின்று மாதங்களாகிவிட்டன.

ஹசீனா தக்கலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆங்கிலம் சொல்லித்தந்தாள். மாணவியைவிட வயதில் இளையவள். பேருந்தில் சில்லறைத் தகராறு, மீன் சந்தையில் பேரம், ரேஷன் கடை வரிசை என்று அன்றாடக் கதைகளைத் தானே எழுதுவாள். ஒவ்வொரு கதைக்குள்ளும் சில புதிய சொற்களும், வினைச்சொல்லின் ஏதோ ஒரு காலமும் ஒளிந்திருக்கும். படித்து முடித்ததும், "இனி உங்க வீட்டில் நடந்ததைச் சொல்லுங்க" என்பாள்.

புஷ்பலீலா தன் வீட்டில் நடந்ததை ஒருநாளும் சொன்னதில்லை. பிழை வந்துவிடுமே! அச்சிட்ட கதையையே எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பாள். பள்ளியில் அப்படித்தான் அவள் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

ஹசீனா நாற்காலியைக் காட்டினாள். "போன தடவை எப்படிப் பேசினீங்க, சிஸ்டர்?"

"ஒரு இடத்துலகூடத் திக்கல்ல."

"எதிர்ல இருந்தவங்க?"

"அவங்க நடுவுல என்னமோ சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அதைக் கேட்டுக்கிட்டிருந்தா எனக்கு அடுத்த வரி விட்டுப்போகும், டீச்சர்!"



"ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லுங்க" என்றாள் ஹசீனா.

புஷ்பலீலா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மேரி என்னும் செவிலி வார்டுக்குள் வருகிறாள். கடைசிக் கட்டிலில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். ஏன் அழுகிறாள் என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. 'ரிலக்டன்ட்' என்ற சொல் வரும் இடம் அது. புஷ்பலீலா அதை அழகாக உச்சரித்தாள்.

ஹசீனா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள்.

"பஸ் சத்தம் காதை அடைக்குது, இல்லியா சிஸ்டர்?"

புஷ்பலீலாவின் உதடுகள் அசைந்தன. அடுத்த வரி வரவில்லை.

"முதல்ல இருந்து சொல்லட்டுமா?"

"ஏன், எக்ஸ்பிரஸ் வண்டியா? நடு ஸ்டேஷன்ல ஏற முடியாதோ?"

புஷ்பலீலாவுக்கு முகம் சிவந்தது.

"கேலி பண்ணாதீங்க, டீச்சர். எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நாளைக்குப் போனா போனதுதான்."

"சரி, சொல்லுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

இனிக் கூரை இடிந்து விழுந்தாலும் நிறுத்துவதில்லை என்று புஷ்பலீலா தீர்மானித்தாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் கண்களைப் பதித்துக்கொண்டு தொடங்கினாள்.

மேரி வார்டுக்குள் வந்தாள்.

ஹசீனாவின் கைபேசி அடித்தது.

புஷ்பலீலா நிறுத்தவில்லை. மேரி கடைசிக் கட்டிலைப் பார்த்தாள்.

"எப்போ?" என்றாள் ஹசீனா கைபேசியில். பிறகு, "கூட யாரு இருக்கா?" என்றாள். பிறகு எதுவும் கேட்கவில்லை. கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மேரி கட்டிலை நெருங்கினாள். இதுவும் சன்னலைப் போலத்தான், டீச்சர் என்னை விழவைக்கப் பார்க்கிறார் என்று புஷ்பலீலா நினைத்தாள். நாட்காட்டியை விட்டு அவள் கண் நகரவில்லை. ஆனாலும் ஓரப்பார்வையில், ஹசீனாவின் முக்காட்டு நுனி முகத்துக்குப் போவது தெரிந்தது. தோள்கள் குலுங்குவது தெரிந்தது. மூச்சு உடைந்து உடைந்து வருவது கேட்டது.

'ரிலக்டன்ட்' வந்தது. அதைத் தாண்டினாள்.

மேரி அந்தப் பெண்ணின் கையை மெல்லப் பற்றினாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். அந்த வரியில் குரல் தாழ வேண்டும். புஷ்பலீலா குரலைத் தாழ்த்தினாள். கனிவும் சரியாக வந்தது.

அந்தப் பெண் 'கிராஜுவலி', மெல்ல மெல்ல, ஆறுதல் அடைந்தாள். கதை முடிந்தது.

புஷ்பலீலா நீண்ட மூச்சு விட்டாள். முதல் வேலையாகக் கேட்டாள்:

"பிழை ஏதாவது உண்டுமா, டீச்சர்?"

"இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல, சிஸ்டர். போயிட்டு வாங்க."

புஷ்பலீலா பையை எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போனாள். ஒரு செருப்பை மாட்டினாள். மற்றதற்குக் காலை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அறைக்குள் ஹசீனா அதே நாற்காலியில், அதே முக்காட்டு நுனியோடு இருந்தாள். பார்ப்பதற்கு இப்போது யாரும் எதிரில் இல்லை. அழுகை நிற்கவில்லை.

ஒற்றைச் செருப்போடு புஷ்பலீலா திரும்பி ஓடினாள். எதிர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் காலடியில் தரையில் அமர்ந்தாள். தேடாமலே கை போய் அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"டீச்சர்... அய்யோ... யாருக்கு என்ன ஆச்சு?"

ஹசீனா முகத்தை நிமிர்த்தினாள். கண்கள் ஈரமாகவே இருந்தன.

"இதையே இங்கிலீஷ்ல கேளுங்க" என்றாள்.