பேர் சொல்லாத மொய்

முன்னொரு காலத்தில், வெண்குளம் என்கிற நாட்டில் மாறவேலன் என்று ஒரு ராஜா இருந்தான். இருந்தான் என்றால், சிம்மாசனத்தில் இருந்தான். நாட்டில் இருந்தானா என்பதைக் கதை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கெட்டவன் இல்லை. பொய் சொல்ல மாட்டான், பிறர் பொருளைத் தொட மாட்டான், பசித்து வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டான். ஒரே ஒரு குறைதான். யார் நல்ல வார்த்தை சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவான். ராஜாவுக்கு அந்தக் குறை இருந்தால் அதற்கான தண்டத்தை ராஜாவா கட்டுவான்? ஜனங்கள்தான் கட்டுவார்கள்.

அந்த நாட்டில் மொய் என்றால் உயிர். கல்யாணமோ காதுகுத்தோ, பந்தலில் ஒருவர் எழுந்து நின்று, இன்ன ஊர் இன்னார் மொய் இவ்வளவு என்று உரக்கச் சொல்வார். ஊரே கேட்கும். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். மொய் சும்மா வருவதில்லை, திரும்பிப் போகத்தான் வருகிறது என்று பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அங்கே தெரியும்.

நாட்டின் வரவு செலவைப் பார்க்கிறவருக்குக் காரியக்காரர் என்று பேர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர்த்தலைவர்கள் கூடிக் கை தூக்கி அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த முறை திருமேனியார் என்பவர் நின்றார். ஊர் ஊராக விருந்து வைத்தார். தலைவர்களுக்கு வேட்டி, அவர்கள் சம்சாரங்களுக்குப் பட்டு, பிள்ளைகளுக்கு வெள்ளிக் கொலுசு. இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? வாசலில் வாய் குறுகின பெரிய பானை ஒன்றை வைத்துப் பட்டுத்துணி சுற்றியிருந்தார். "மனசு இருக்கிறவர்கள் போடலாம். பேர் சொல்ல வேண்டாம். பேருக்காகக் கொடுப்பதும் ஒரு கொடையா?" என்றார்.

இதைக் கேட்ட ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேர் சொல்லாமல் கொடுக்கிற மனிதர்கள் நம் நாட்டில் இருக்கிறார்களே என்று உருகிப்போனான். அந்தப் பானையில் யார் போட்டது என்று கேட்பதே பாவம், கேட்கிறவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று சட்டமும் போட்டுவிட்டான்.

கூத்தைப் பாருங்கள். கல்யாண வீட்டில் கால்பணம் போட்ட ஏழையின் பேரை ஊருக்கே கத்திச் சொல்லுவார்களாம். காரியக்காரர் வாசலில் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினவன் பேரை மட்டும் யாரும் கேட்கக் கூடாதாம்.

திருமேனியார் ஜெயித்தார். அடுத்து மூன்று காரியங்கள் நடந்தன. ஆற்றில் ஓடம் விடுகிற குத்தகை பஞ்சநதம் என்கிற பணக்காரனுக்குப் போனது. ஓடக்கூலி இரண்டு மடங்கானது. ஊர்க் களஞ்சியத்து நெல்லைக் காக்கிற பொறுப்பு தானிய வியாபாரி ஆவுடையப்பனுக்குப் போனது. நெல் பாதி மாயமாகி, எலி தின்றுவிட்டது என்றார்கள். வெண்குளம் ஏரிக்குப் புதுக்கரை கட்டுகிற வேலை கல் வியாபாரி சோணாசலத்துக்குப் போனது.

அந்தக் கரைக்கு ஜனங்கள் கொடுத்த வரி லேசான வரியா? ஆடு விற்றுக் கொடுத்தார்கள். தோடு விற்றுக் கொடுத்தார்கள். விதைநெல்லைக்கூட விற்றுக் கொடுத்தார்கள். கரை கட்டி முடித்தபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வெளியே வழுவழுவென்று கருங்கல், மேலே தேர் ஓடுகிற அகலம். ராஜா வந்து தேங்காய் உடைத்துவிட்டுப் போனான்.

முதல் மழைக்கே கரை பிளந்தது. கீழ்க்கரைச் சேரி விடிவதற்குள் தண்ணீருக்குள் போயிற்று. வீடு போனது, மாடு போனது, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் போனார்கள். பிளந்த கரையிலிருந்து சரிந்து வந்தது கல்லா, களிமண்ணா? மக்கின வைக்கோலும் பனைமட்டையும். கரையின் வயிற்றுக்குள் அதைத்தான் அடைத்து வைத்திருந்தான் அந்தப் பாவி.

யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? சோணாசலத்தையா? மதகுக்காரன் காத்தானைப் பிடித்தார்கள். மதகை நேரத்துக்குத் திறக்காமல் தூங்கிவிட்டான், அதனால்தான் கரை உடைந்தது என்றார் திருமேனியார். அமாவாசையன்று அவன் தலையை வாங்குவது என்று தீர்ப்பாயிற்று.

காத்தானா தூங்கினான்? பெருவெள்ளத்தில் முங்கி, மதகுப் பலகையைப் பிடித்துத் தூக்கி, இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து கிடந்தான். அந்தக் கைக்கு மஞ்சள் அரைத்துப் போட்டவள் அவன் பெண்டாட்டி சீலாயி. போட்ட மஞ்சள் காய்வதற்குள் சேவகர்கள் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சீலாயி அழுதாள். ஆனால் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற பொம்பிளை இல்லை அவள். உடைந்த கரையிலிருந்து மக்கின வைக்கோலை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் திருமேனியார் வாசலுக்குப் போனாள். அவர் வைக்கோலைப் பார்த்தார். முகம் சுளிக்கக்கூட இல்லை. "வெள்ளத்தில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்திருக்கும். நீ இன்னும் சின்ன வயசுக்காரி, போய் உன் பிழைப்பைப் பார்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போதே அவளைத் தாலி அறுத்தவளாக்கிப் பேசுகிறான், எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்.

அடுத்து ஊர்த்தலைவர்களிடம் போனாள். கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் தங்கப்பெருமாள் என்கிற பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

"தாயி, உன் புருஷன் தூங்கியிருக்க மாட்டான் என்று எங்களுக்கும் தெரியும். என்ன செய்ய, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டோம்."

"அவர் வீட்டுச் சோறு என்று யார் சொன்னது அண்ணே? இப்போது நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோமே, அந்தச் சோற்றுக்கு விலையாகத்தான்."

பெரியவர் கட்டியிருந்த புதுவேட்டியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

கடைசியாக ராஜாவிடம் போனாள். அமாவாசைக்கு முதல் நாள் காலை அது. வைக்கோலைச் சபை நடுவில் கொட்டினாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் திருமேனியார்.

"மகாராஜா, கரைக்குள் இருந்தது இதுதான். இதைக் கட்டினவனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது? பானையில் போட்டது..."

திருமேனியார் சந்தோஷமாக எழுந்தார். "கேட்கக் கூடாததைக் கேட்க வருகிறாள். சட்டம் தெரியுமல்லவா?" என்றார்.

சீலாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தால் அவளை எல்லை தாண்டி விரட்டியிருப்பார்கள். காத்தானுக்காகப் பேச ஆளே இருந்திருக்காது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான் யாரையும் கேட்கவில்லை சாமி. காரியக்காரருக்கு ஒரு மொய்கழிப்பு வையுங்கள். அது போதும்."

மொய்கழிப்பு என்பது அந்த நாட்டு வழக்கம். ஊரைவிட்டே போகிறவர்கள், தாங்கள் வாங்கின மொய்யைக் கழித்துவிட்டுப் போவதற்காகத் தண்டோரா போட்டுப் பந்தலில் உட்காருவார்கள். மொய் செய்தவர்கள் வந்து, போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று சபையறியச் சொல்லி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் வராதவருடைய மொய் அன்றோடு செத்தது. பிறகு ஒரு காசு கேட்க முடியாது.

ராஜா சிரித்தான். "பைத்தியக்காரி, அது திரும்பி வர வேண்டும் என்று போட்ட பணம் இல்லை. ஒருவரும் வர மாட்டார்கள்."

"வராவிட்டால் என் புருஷன் தலையோடு என் தலையையும் வாங்கிக்கொள்ளுங்கள்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் நாட்டுக் கொடையாளிகளை ஒருத்தி இப்படிக் கேவலமாக நினைக்கிறாளே என்று. அவளுக்குப் பாடம் புகட்டுகிறேன் என்று அப்போதே உத்தரவு போட்டான். மொய்கழிப்பு என்றால் போகிறவருக்குத்தானே, அதனால் பேச்சுக்குப் பதவி முடிகிறது என்றும் சொல்லச் சொன்னான். "காரியக்காரர் பதவி இன்றோடு முடிகிறது, அரண்மனை வாசலில் மொய்கழிப்பு, பொழுது சாயும் மட்டும்" என்று தண்டோராக்காரன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். திருமேனியார் தலைவலி என்று வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். "நீங்கள் இல்லாமல் மொய்கழிப்பா? உட்காருங்கள்" என்று ராஜா அன்பாகக் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

மதியம் ஆயிற்று. பந்தலில் ஈ காக்கை இல்லை. ராஜா சீலாயியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு ஒருவேளை தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ, வீணாய்ப் போகப் போகிறோமோ என்று தோன்றியது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை. கொடுத்தவனுக்குத் தூக்கம் வராது என்று அவளுக்குத் தெரியும். மொய் போட்ட வீடு குடிபெயர்கிறது என்று கேள்விப்பட்டால், சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடிவருகிற ஊர் அது.

வெயில் தாழ்ந்தது. மூச்சு வாங்க வந்து நின்றான் சோணாசலம்.

"மகாராஜா, பானையில் பெரிய மொய் என்னுடையதுதான். போட்டது ஒரு மூட்டைப் பொன். வந்தது ஒன்றுமில்லை. நிற்பது மூட்டை முழுக்க."

அவனுக்கென்ன பயம்? பேர் சொல்லாமல் கொடுப்பது ராஜாவே மெச்சின புண்ணியமாயிற்றே. ராஜாவின் சிரிப்புதான் பாதியில் நின்றுபோனது.

அதற்குள் ஆவுடையப்பன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். காரியக்காரர் கையிலிருப்பதை முந்தினவன் வாரிக்கொண்டு போய்விட்டால் பிந்தினவனுக்கு என்ன மிஞ்சும்?

"வந்தது ஒன்றுமில்லையா? ஏரிக்கரை வேலை யாருக்கு வந்ததாம்? கல்லுக்குக் கொடுத்த பணத்தில் வைக்கோலை அடைத்துவிட்டு மிச்சத்தில் மூன்று மச்சுவீடு கட்டினது யாராம்? உன் மொய் எப்போதோ தீர்ந்துவிட்டது. மகாராஜா, எனக்குத்தான் நிற்கிறது. களஞ்சியத்தில் பாதி நெல்தான் எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி இந்த வருஷம் என்று வாக்கு."

"பாதி நெல் உனக்குப் போதாதா?" என்றான் அவன் பின்னாலேயே வந்த பஞ்சநதம். "எனக்கு வெறும் ஓடக்கூலி. சில்லறையாக வந்துகொண்டிருக்கிறது. போட்டதில் கால்வாசிகூடத் திரும்பவில்லை."

யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. அவர்களே வந்து, அவர்களே பேர் சொல்லி, ஒருவன் குட்டை ஒருவன் உடைத்துக்கொண்டு, ராஜா முன்னாலேயே துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். அசிங்கம் பிடித்தவர்கள். கீழ்க்கரைச் சேரியில் இன்னும் பிணம் எடுத்து முடியவில்லை. இவர்கள் நிற்கிற மொய்க்கு அடித்துக்கொள்கிறார்கள்.



ராஜா முதலில் காத்தானை விடச் சொன்னான். நான்கு பேரையும் கட்டச் சொன்னான். அவர்கள் சொத்தையெல்லாம் பறித்துக் கரை கட்டச் சொன்னான். பட்டு சுற்றின பானையைத் தன் கையாலேயே தூக்கிப் போட்டு உடைத்தான். இனிமேல் காரியக்காரருக்கு யார் என்ன கொடுத்தாலும், காரியக்காரர் யாருக்கு என்ன கொடுத்தாலும், கல்யாணப் பந்தலில் சொல்கிற மாதிரிச் சந்தையில் நின்று பேர் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு போட்டான்.

காத்தான் வந்தான். சீலாயி அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். புண் ஆறாமல் சீழ் வைத்திருந்தது. அப்போதுதான் அவளுக்கு அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்தது.

"அம்மா, நான் ஒரு காசு தொடவில்லை. சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. என்மேல் உனக்குக் கோபம் இல்லையே?" என்றான் ராஜா.

சீலாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கள் தொடவில்லை சாமி. கேட்கவும் இல்லை, கேட்க வந்தவர்களையும் விடவில்லை. வைக்கோல் அடைத்தவனைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள். கேட்காமல் இருந்தவருக்கு என்ன தண்டனை என்று கீழ்க்கரைச் சேரியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் போய்க் கேளுங்கள். நான் சொல்ல முடியாது."

புருஷனைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். ராஜா அன்று சாயங்காலம் தேர் ஏறவில்லை. சேற்றில் நடந்தே கீழ்க்கரைச் சேரிக்குப் போனான். ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்கிற நீதி இதுதான்: பொதுப்பணத்தை ஆளுகிறவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று ஊர் கேட்காவிட்டால், அந்தக் கடனை ஊர்தான் அடைக்க வேண்டியிருக்கும்.