எழுவாய்

"அம்மா, எனக்கு மன்னிப்பு கிடைக்குமா?" என்று கேட்டார் திருமேனிநாதன்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், எழுபத்தொரு வயது. கேட்டது நாற்பத்தாறு வயது உலகாயி அம்மாவிடம். அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் குன்றடி மடத்துக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் கை வேலை நிற்காது.

"யார்கிட்ட?" என்றார் அம்மா.

"கடவுள்கிட்டதான்."

"அவருக்கு என்ன செஞ்சீங்க?"

திருமேனிநாதன் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து வைத்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதியது. இப்போது கல்லூரியில் பாடமாம். 'குற்றவுணர்வு கதைமாந்தரை உருவாக்கும் விதத்தை விளக்குக' என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேள்வி வருமாம். அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் மடத்துச் சமையல்காரன், அடுப்பங்கரையிலிருந்தே கேட்டது.

"இதுல எல்லாத்தையும் எழுதிட்டேன்மா. ஆனா மனசு ஆறலை."

"வச்சுட்டுப் போங்க, படிக்கிறேன். நாலு நாள் இங்கேயே தங்குங்க."

நாலு நாளும் அவர் ஒரு வேளைதான் சாப்பிட்டார். மூலையில் உட்கார்ந்து கண் கலங்கினார். இவ்வளவு நேர்த்தியாகத் துக்கப்படுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆக்கின சோறு மிஞ்சினால் யாருக்கு எரிச்சல் வராது?

ஐந்தாம் நாள் காலையில் அம்மா கூப்பிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு இடத்துல அழுதுட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது.

"அந்த வாத்தியார் கொஞ்சம் கொஞ்சமா இளைக்கிறார். பெண்டாட்டிகிட்டப் பேச்சை நிறுத்துறார். மார்கழித் தண்ணியில முங்குறார். ஊரே கும்பிடுற அளவுக்கு நல்லவரா ஆயிடுறார். பாவம் ஒரு மனுஷனை என்ன பாடுபடுத்தும்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"அதைத்தாம்மா எல்லாரும் பாராட்டி..."

"அந்தப் பள்ளிக்கூடத்து ஆயா என்ன ஆனா?"

"எந்த ஆயா?"

"பீரோ சாவி வச்சிருந்தவ. நாற்பத்தோராம் பக்கத்துல அவளை வேலையை விட்டு அனுப்புறாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டு கேட்டைத் தாண்டுறா. அதுக்கப்புறம் முந்நூறு பக்கம் இருக்கு. நானும் தேடித் தேடிப் பாத்தேன். ஆளையே காணோம்."

அவர் யோசித்தார்.

"கதைக்கு அவ தேவைப்படலைம்மா."

அம்மா புத்தகத்தைப் பிரித்து ஒரு இடத்தை வாசித்தார்.

"'சாவி எடுக்கப்பட்டது. கேள்வித்தாள் கட்டு பிரிக்கப்பட்டது. பழி அவள்மேல் விழுந்தது.' நீங்க பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுத்தீங்க?"

"தமிழ்."

"முதல் வாக்கியத்துல எழுவாய் எது?"

வாத்தியார் வாய் தானாகப் பதில் சொன்னது. "சாவி."

"ரெண்டாவதுல?"

"கட்டு."

"மூணாவதுல?"

"பழி."

"நீங்க எங்கே இருக்கீங்க?"

அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின சங்கதி. அவருடைய தம்பி அந்த வருஷம் பரீட்சை எழுதினான். படிப்பு ஏறாத பையன். ஆபீஸ் ஆயா செல்லத்தாயி சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மத்தியானம் சாப்பிடப் போயிருந்தாள். விஷயம் வெளியே வந்து விசாரணை நடந்தபோது, சாவி எப்போதும் அந்த அம்மாவிடம்தான் இருக்கும் என்று சொன்னதும் இவர்தான். அவளுக்கு வேலை போயிற்று.

"இப்ப உயிரோட இருக்காங்களா?"

"தெரியாது."

"விசாரிக்கலையா?"

"தைரியம் வரலைம்மா."

"பட்டினி கிடக்க மட்டும் தைரியம் வருது. போய்ப் பாத்துட்டு வாங்க."

போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி முகத்தில் அப்படி ஒரு களை.

"மன்னிச்சுட்டாங்கம்மா!"

செல்லத்தாயிக்கும் எழுபதுக்கு மேலாகிவிட்டதாம். சொந்த ஊரிலேயே இருக்கிறாளாம். இன்றைக்கும் அவள் ஒரு வீட்டுப் படியேறினால் உள்ளே பீரோவைப் பூட்டுகிற சத்தம் கேட்குமாம். பஸ் நிறுத்தத்தில் வழி சொன்ன ஆளே அப்படித்தான் அடையாளம் சொன்னானாம்.

"கால்ல விழுந்துட்டேன். நான் மகாபாவி, என்னை மன்னிச்சிடுங்கன்னு கதறினேன். எந்திரிங்க சார், எல்லாரும் பாவம் செஞ்சவங்கதான்னு சொல்லி மோர் குடுத்தாங்க."

"என்ன செஞ்சீங்கன்னு சொன்னீங்க?"

"அதான்... தப்பு நடந்துபோச்சுன்னு."

"அங்கேயும் தப்புதான் எழுவாயா?"

மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "மகாபாவின்னு கால்ல விழுந்தேன்மா! அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

"மகாபாவின்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். நானும்தான் தினம் பூசையில சொல்றேன். சாவியை எடுத்தது யாருன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும்."

"சொன்னா என் பேரு போயிடும்."

"ஆமா, போயிடும்."

அவர் எங்கள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். அம்மா கடலைத் தோலை ஊதினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் கூடப் போ. பாதியில இறங்கிடப் போறார்."

பஸ்ஸில் மூன்று மணி நேரம். வழி நெடுக ஒரே வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இத்தனை புத்தகம் எழுதின மனுஷனுக்கு மூன்று சொல் மனப்பாடம் ஆகவில்லை.

செல்லத்தாயி வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா சார்? கால்ல எல்லாம் விழாதீங்க, எனக்குக் கூச்சமா இருக்கு."

அவர் விழவில்லை. நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"சாவியை நான் எடுத்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆணியில மாட்டியிருந்த சாவியை நான் எடுத்தேன். பீரோவை நான் தொறந்தேன். விசாரணையில உங்களைக் கைகாட்டுனதும் நான்தான்."

புளியில் இருந்த கை அப்படியே நின்றது. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

"நான் சாவியை அங்க மாட்டிட்டுப் போனதாலதான் எவனோ எடுத்துட்டான்னுல்ல இருந்தேன்" என்றாள் மெதுவாக. "என் புத்தி கெட்டதாலன்னு. நான் பெத்த பிள்ளைகிட்டகூட ஒரு பொருளைப் பத்திரமா வச்சுக்கோன்னு சொன்னதில்லை சார். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

அவர் கண்கலங்கி ஏதோ சொல்லப்போனார்.

"இருங்க, அழாதீங்க" என்றாள். இந்த முறை மோர் கொண்டுவரவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தெருவுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ அழகம்மை! பீரோவைப் பூட்டிட்டு வர வேணாம், போட்டது போட்டபடி வா!"

அழகம்மை அவளுடைய நாத்தனார். பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சார் இன்னொரு தடவை சொல்லுவாரு. கேளு."

திருமேனிநாதன் சொன்னார்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அழகம்மை. அவள் கத்தின சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னார். ரேஷன் கடையில் நின்ற கும்பலுக்குச் சொன்னார். ஒருத்தர் வைத வசவை நான் இங்கே எழுத முடியாது. அவரைப் படித்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருத்தர், "சார், நீங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். செல்லத்தாயி விடவில்லை. காது மந்தமான ஒரு கிழவருக்காக உரக்கச் சொல்லச் சொன்னாள். உரக்கச் சொன்னார்.

நான் எண்ணினேன், பதினோரு தடவை. முதல் தடவை குரல் நடுங்கியது. நாலாவது தடவை அழுதார். பதினோராவது தடவை வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது செல்லத்தாயி வாசலில் இல்லை. அடுத்த தெருவில் ஆள் கூப்பிடப் போயிருந்தாள்.

திரும்பி வந்ததும் வராததுமாக அவர் என்னிடம் வந்து சோறு கேட்டார். இரண்டு தடவை ரசம் வாங்கி ஊற்றிக்கொண்டார்.

அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சாங்களா?"

திருமேனிநாதன் வாயில் சோற்றோடு விழித்தார்.

"ஐயோ, கேக்க மறந்துட்டேம்மா!"