கோமதிநாயகம் செய்த பணிவிடை

"களைச்சுப்போனவங்க நடந்தா களைப்புக் குறையுமாம். இது எந்த ஊர் நியாயம் அம்மா?"

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கோமதிநாயகம் கேட்டுவிட்டார். டாக்டர் மேல் அவருக்கு அப்படியொரு கோபம்.

குரு உலகம்மை கட்டிலில் கிடந்தார். சீடர் கோமதிநாயகத்தைவிட வயதில் இளையவர். ஆனாலும் அந்த ஆற்றங்கரை மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாதான். மார்பில் புற்றுநோய். கீமோ பாதி முடிந்திருந்தது. உடம்பில் பாதிகூட மிச்சமில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"தினமும் கொஞ்சமாவது நடங்க. படுத்தே கிடந்தா இன்னும் தளர்ந்துபோவீங்க. அடுத்த தடவையும் இப்படித் தூக்கிட்டு வந்தா மருந்து ஏத்த எனக்குத் தைரியம் வராது. தள்ளித்தான் வைக்கணும்."

தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று கோமதிநாயகம் கேட்கவில்லை. பயம்.

தனக்குத் தெரிந்ததைச் செய்தார். தண்ணீர்ச் செம்பைக் கட்டிலை ஒட்டி நகர்த்தினார். ஜன்னலை அவரே திறந்தார், அவரே மூடினார். சக்கர நாற்காலி ஒன்று வாங்கிவந்தார்.

"என் உயிர் இருக்கிறவரை உங்க கால் தரையில படாது அம்மா."

"கால் தரையில படாம போறது ஒரே ஒரு பயணம்தான். அதுக்கு நாலு பேர் வேணும். நீங்க ஒருத்தரே போதும்னு பாக்கறீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கைகட்டி நின்றார்.

"வேற என்ன பணிவிடை செய்யட்டும்?"

"சொன்னா செய்வீங்களா?"

"உயிரைக் கேளுங்க."

"அதை நீங்களே வச்சுக்குங்க. அந்த நாற்காலியில உட்காருங்க."

கோமதிநாயகம் பதறிப்போனார். மடத்துக்கு வந்த நாள் முதல் குருவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்தது வெறும் தரையில்தான்.

"அபசாரம் அம்மா!"

"குரு சொல்லைத் தட்டுறதுக்குப் பேர் என்ன?"

உட்கார்ந்தார். நெருப்பில் உட்கார்ந்தது போலிருந்தது.

அம்மா கட்டிலைப் பிடித்து எழுந்தார். நாற்காலியின் பின்பிடியைப் பற்றினார். தள்ளினார்.

முற்றத்து நெல்லிமரம் வரைகூடப் போக முடியவில்லை. பிடியில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். கோமதிநாயகம் இறங்கப் பார்த்தார்.

"இறங்கினா பணிவிடை கெட்டுப்போகும்."

காய்ச்சல் அடித்த நாட்களில் நாற்காலி சும்மா நின்றது. மற்ற நாட்களில் நகர்ந்தது. நெல்லிமரம் வந்தது. பிறகு வாசல் வந்தது. ஒருநாள் தெருவே வந்துவிட்டது.

டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கிவந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சொகுசா இருக்கா? மேட்டுலயாவது இறங்கித் தள்ளக்கூடாதா?"

கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு மூச்சிரைக்காமல் வந்தது. மடம் திரும்பிய பிறகுதான் அது கோமதிநாயகத்துக்கு உறைத்தது.

அன்று அம்மா இரண்டாவது தடவை ரசம் கேட்டார்.

அடுத்த கீமோவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காரை விட்டு இறங்கியதும் அம்மா நாற்காலியைக் காட்டினார்.

"இங்கேயுமா அம்மா?"

"இங்கேதான்."

நீண்ட வராந்தா. இரு பக்கமும் ஆட்கள். கோமதிநாயகம் தலையைத் தொங்கப்போட்டபடி போனார். பல நாள் தூக்கமில்லாத கண்கள், ஒட்டிய கன்னம், மழிக்காத தாடி.

கீமோ அறை வாசலில் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி நின்றிருந்தாள். நாற்காலியைப் பார்த்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு நேரே அவரிடம் வந்தாள்.

"பயப்படாதீங்க ஐயா. கையை நீட்டுங்க. இது எத்தனாவது கீமோ?"

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக நின்றிருந்தார்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பேஷண்ட் நான் இல்லம்மா."

"பின்னே யாரு?"

"என்னைத் தள்ளிக்கிட்டு வந்தவங்க."